399 ரூபாய்க்கு மல்லி சென்ட் வாங்கினேன், மல்லியைத்தான் காணோம்

மாடிவீட்டுக் கோமதி:
போன சனிக்கிழமை மயிலாப்பூரில் வளையல் வாங்கப் போன கடையில், கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டில் வெள்ளைப் பூ படம் போட்ட பெட்டி வரிசையாக இருந்தது. 50 மி.லி., 399 ரூபாய். பெட்டியில் ஜாஸ்மின் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைப் பெண் மூடியைக் கழற்றி மூக்குக்கு நேரே நீட்டினாள், நன்றாகத்தான் இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மணிக்கட்டில் ஒரு முறை அடித்ததும் ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் துடைப்பார்களே, அந்த நெடி. சரி, அடங்கட்டும் என்று விட்டேன். இரண்டு நிமிஷத்தில் கொஞ்சம் நெயில் பாலிஷ், கொஞ்சம் கனிந்த வாழைப்பழம். பத்து நிமிஷம் கழித்து ஏதோ ஒரு பூ வந்தது, ஆனால் எந்தப் பூ என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, மல்லி இல்லை என்று மட்டும் தெரிந்தது. அரை மணியில் புது சோப்புக்கட்டியைப் பிரித்த வாசனை. இரண்டு மணி நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன் "கல்யாணத்துக்குப் போனியாம்மா?" என்று கேட்டான். கணவரிடம் கையை நீட்டினால் "நல்லா இருக்கே" என்றார். அவர் ஃபினாயிலைக் காட்டினாலும் அதையேதான் சொல்வார், அதனால் அந்த ஓட்டு செல்லாது.

விலை குறைவு என்பதால்தான் இப்படியா? நாலாயிரம் கொடுத்தால் மல்லி மணக்குமா? 700 ரூபாய்க்குள் தலையில் வைக்கும் மல்லி மாதிரியே எதையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நேராகச் சொல்பவன்:
ஒரு முழம் 40 ரூபாய். நீங்கள் கொடுத்த பணத்துக்குப் பத்து நாள் அசல் பூ வைத்திருக்கலாம். மல்லி விளைகிற ஊரில் இருந்துகொண்டு ஸ்பிரிட்டைக் காசு கொடுத்து வாங்குவது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

இரவுப்பணி:
அண்ணா, தை மாதம் பூக்கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பனிக்கு வரத்து குறைந்து கிலோ இரண்டாயிரம், மூன்றாயிரம் என்று ஏறும்போது முழத்தைக் கையில் அளக்க மாட்டார்கள், கண்ணால்தான் அளப்பார்கள். அது போக எல்லா வேலையிலும் பூ வைத்துக்கொண்டு நிற்க முடியாது. நான் வார்டில் இருக்கிறேன். பூவும் கிடையாது, சென்ட்டும் கிடையாது, மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவர் பக்கத்தில் எது மணத்தாலும் கஷ்டம்தான். காலையில் டியூட்டி முடிந்து பஸ்ஸில் ஏறும்போது கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வேன், எனக்கு அதற்குத்தான் சென்ட்.

கோமதி அக்கா, ஒன்று மட்டும். புதுப் பாட்டில் என்றால் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பட்டுக்கு வேண்டாம், கறை விழும். சாமி விளக்குப் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், பாட்டிலில் முக்கால்வாசி ஆல்கஹால்.

சோதனைக்குழாய்:
வாசனைப் பொருள் தயாரிக்கும் இடத்தில் தரப் பரிசோதனையில் பதினோரு வருஷம் இருந்தேன், இப்போது வேறு வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய வரிசையை அப்படியே ஒரு மாணவன் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். முதலில் வந்த ஊசி நெடி ஆல்கஹால், ஒரு நிமிஷத்தில் போய்விடும், அதை வைத்து எந்த சென்ட்டையும் எடை போடக்கூடாது. அடுத்து வந்த வாழைப்பழமும் நெயில் பாலிஷும் பென்சைல் அசிடேட்டாக இருக்க வேண்டும். அது போலி இல்லை, மல்லிகையிலேயே நிறைய இருப்பது, ஆனால் தனியாக முந்திக்கொண்டு வந்தால் பழம் மாதிரித்தான் இருக்கும். சோப்பு ஏன் என்றால், ஹெக்ஸைல் சினமால் போன்ற சில மல்லிகைச் சாயல் மூலப்பொருள்கள் மலிவு, கெடாது, அதனால் பல வருஷமாக சோப்பிலும் ஷாம்பூவிலும் துணி துவைக்கும் தூளிலும் அதைத்தான் போடுகிறார்கள். நம் மூக்கு அதைக் குளியலறையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அதாவது சென்ட் சோப்பு மாதிரி மணக்கவில்லை, சோப்பு இத்தனை நாளாக சென்ட் மாதிரி மணந்துகொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள், அந்தப் பெயர் இருந்தாலும் இருக்கும்.

சரி, மல்லியில் இருக்கிற, இந்த சென்ட்டில் இல்லாத பொருள் எது? பெரும்பாலும் இண்டோல். தனியாக எடுத்து மோந்தால் பீரோவில் போடும் பாச்சை உருண்டை, அளவு கூடினால் கழிப்பறை. ஆனால் அதில் துளி இருந்தால்தான் மல்லிக்கு அந்தக் கனம், ராத்திரி ஒன்பது மணிக்கு அறை முழுவதும் நிற்குமே, அது வரும். மலிவு சென்ட்டில் அதைக் குறைத்துவிடுவார்கள். ஒரு காரணம் திரவத்தின் நிறத்தைக் கெடுக்கும், இன்னொரு காரணம் கடையில் மூடியை மோந்து பார்த்து வாங்குபவருக்கு அது பிடிக்காது. நம் குண்டுமல்லியில் கூடவே மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று ஒன்று உண்டு. திராட்சை மிட்டாயில் வருமே, அதே வாசனை. நம்பாவிட்டால் நாளை சாயங்காலம் இரண்டு மொட்டு மலர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பாருங்கள், ஓரத்தில் திராட்சை தெரியும்.

நாலாயிரம் கேள்விக்கு: அசல் பூச்சாறு என்பதற்குக் கணக்கு வேறு. பூவை ஹெக்ஸேன் என்கிற கரைப்பானில் ஊறவைத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும், அதற்குப் பெயர் கான்க்ரீட், அதை ஆல்கஹாலில் கழுவி வடிகட்டினால் அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு முக்கால் டன், ஒரு டன் என்று பூ போகும். அதன் விலை லட்சங்களில். கோயம்புத்தூர், சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கம் இதற்கான ஆலைகள் உண்டு, அங்கிருந்து பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. ஆக 399க்கு அசல் இருக்க வழியே இல்லை, நாலாயிரத்திலும் இருந்தால் துளிதான் இருக்கும். ஆனால் நாலாயிரத்தில் அந்த வாழைப்பழம் தனியாக முந்தாமல், சோப்பு தனியாகப் பிந்தாமல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். அப்புறம், பெட்டி, பாட்டில், விளம்பரத்துக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம்.

மூக்குக்கண்ணாடி:
மணிக்கட்டில் அடித்ததும் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தீர்களா? தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று சொல்வார்களே.

சோதனைக்குழாய்:
தேய்த்து உடைவதற்கு அது அப்பளம் இல்லை. தேய்த்தால் சூடு ஏறி முதலில் பறக்க வேண்டியது இன்னும் சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாரே, ஆனால் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. மூக்கு பழகிவிட்டது, சென்ட் போகவில்லை. இது தெரியாமல்தான் பலர் "நிற்கவே இல்லை" என்று மேலே மேலே அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறார்கள்.

தோவாளைக்காரன்:
நான் கெமிஸ்ட்ரி படிக்காதவன், ஆனால் பூச்சந்தை வாசலில் வளர்ந்தவன். ஒரு சந்தேகம். ஜாஸ்மின் என்று போட்டிருந்தால் மல்லி என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? எங்கள் ஊரில் விடிவதற்கு முன்பே தரையில் சாக்கை விரித்துக் கொட்டுவார்கள், மல்லி ஒரு குவியல், பிச்சி ஒரு குவியல். இருட்டில்கூட எது எது என்று சொல்லிவிடலாம். மல்லி கெட்டியான வாசம், நெஞ்சில் வந்து உட்காரும். பிச்சி அப்படி இல்லை, மெல்லிசு, கொஞ்சம் பழ வாசம், கொஞ்சம் தேன். மொட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பு ஓடும். நீங்கள் சொல்கிற பழம், தெரியாத பூ எல்லாம் பிச்சியோ என்று தோன்றுகிறது. ஜாதிமல்லி என்று மற்ற ஊரில் சொல்வீர்கள்.

சோதனைக்குழாய்:
தோவாளை அண்ணாச்சி, நான் இத்தனை பத்தி எழுதி விட்ட இடத்தை நீங்கள் சாக்கில் கொட்டிவிட்டீர்கள். சரிதான். பிரான்ஸின் தெற்கே கிராஸ் என்று ஓர் ஊர், வாசனைத் தொழிலின் தலைநகரம் மாதிரி. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் பயிரிட்ட ஜாஸ்மின் கிராண்டிஃப்ளோரம், அதாவது நம் பிச்சி. 1921இல் வந்த ஷனெல் நம்பர் 5 என்கிற பிரெஞ்சு சென்ட்டில் இருக்கும் மல்லிகையும் அந்தக் கிராஸ் பூதான். அவர்கள் ஜாஸ்மின் என்று சொல்லும்போது மூக்கில் வருவது பிச்சி. பின்னால் ஆய்வகத்தில் நகல் எடுத்தபோதும் பெரும்பாலும் அதைத்தான் மாதிரியாக வைத்தார்கள். நம் குண்டுமல்லி வேண்டுமென்றால் பெட்டியில் சாம்பக் என்றோ மோக்ரா என்றோ அராபிய ஜாஸ்மின் என்றோ இருக்கிறதா என்று தேட வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் சாம்பக்தான்.

பேச்சிலர் ரூம்:
ஆண்கள் இதெல்லாம் போடலாமா, சும்மா கேட்கிறேன். எனக்கு மல்லி வாசம் ரொம்பப் பிடிக்கும், ஆனால் ரூம் மேட்ஸ் ஓட்டுவார்கள்.

சோதனைக்குழாய்:
1966இல் டியோர் நிறுவனம் ஆண்களுக்கென்று விட்ட ஓ சவாஜ் என்கிற சென்ட்டைத் தூக்கி நிறுத்துவதே ஹெடியோன் என்கிற மூலக்கூறு. மல்லிகைச் சாற்றை ஆராய்ந்ததில் கிடைத்தது. இன்று ஆண்கள் பாட்டில் பலவற்றில் அது உண்டு. உங்கள் ரூம் மேட்ஸும் ஏற்கெனவே மல்லிகைதான் போட்டுக்கொண்டிருப்பார்கள், நீலப் பாட்டிலில் இருப்பதால் தெரியவில்லை.

ஷார்ஜா சம்பந்தி:
இங்கே வந்து பதினாறு வருஷம். லீவுக்கு வரும்போது பெட்டியில் சென்ட் இல்லாவிட்டால் ஊரில் உள்ளே விட மாட்டார்கள். துபாய் தேய்ரா கடைகளில் நான் கற்ற ஒரே பாடம், ஒரே நாளில் மூன்றுக்கு மேல் மோந்து பார்க்கக்கூடாது. நாலாவதிலிருந்து எல்லாம் ஒன்றுதான். மூக்கு தெளியட்டும் என்று கடைக்காரர் காப்பிக்கொட்டை நீட்டுவார், எனக்கு அது உதவியதில்லை, சொந்தச் சட்டைக் கையை மோந்தால் போதும். இன்னொன்று, பேப்பரில் அடித்துப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்து, அரை மணி நடந்து, அப்புறமும் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

மூக்குக்கண்ணாடி:
அத்தர் பற்றி யாரும் சொல்லவில்லையே. திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் 200 ரூபாய்க்குச் சின்னப் புட்டியில் மல்லி அத்தர் வாங்கினேன். ஸ்பிரிட் நெடி கிடையாது, சொட்டு வைத்தால் சாயங்காலம் வரை நிற்கிறது, கோமதி சொன்ன சோப்பு வரவில்லை.

சோதனைக்குழாய்:
நன்றாக இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் 200க்கு அதிலும் பூ இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செப்பு அண்டாவில் பூவைக் காய்ச்சி ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதுதான் பழைய முறை. சந்தன விலை போகிற போக்கில் இப்போது பலர் வேறு எண்ணெயில்தான் இறக்குகிறார்கள், 200 ரூபாய்ப் புட்டிக்கு அதுவும் கிடையாது, அடியும் வாசனையும் கலவைதான். எண்ணெய் என்பதால் மெதுவாக எழும், அதனால் முந்துவது பிந்துவது தெரியாது. சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாட்டில் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பொடி எழுத்தில் பியூட்டைல்ஃபினைல் மெத்தில்புரோபயோனல் என்று இருந்தால் அது லிலியால், பூ சென்ட்டுகளில் வெகு காலம் இருந்தது. 2022 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களில் தடை. நானாக இருந்தால் அதைத் தோலில் போடமாட்டேன்.

நேராகச் சொல்பவன்:
இவ்வளவு ஆராய்ச்சிக்கும் பதில் நான் முதலிலேயே சொன்னதுதான். பூ வாங்கி வையுங்கள்.

மாடிவீட்டுக் கோமதி:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. சகோ, உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு பதில். பாட்டில் எனக்கு இல்லை, அம்மாவுக்கு. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன் பூ இல்லாமல் அம்மாவை நான் பார்த்ததே கிடையாது, காய்ச்சலில் படுத்தபோதுகூடத் தலையணை ஓரத்தில் ஒரு துண்டு இருக்கும். இப்போது பூக்காரி எங்கள் தெருவில் வந்தால் எனக்கு வாங்கித் தருவார், தன் கையால் ஊசியும் குத்திவிடுவார், விரலை மட்டும் முந்தானையில் துடைக்க மாட்டார். நான் அதைக் கவனித்தே நாலைந்து மாதம் ஆகிறது. அதனால்தான் மல்லி மாதிரியே வேண்டும் என்று கேட்டேன். சும்மா ஒரு நல்ல சென்ட் என்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன்.

பேச்சிலர் ரூம்:
அக்கா, இந்தக் காலத்தில் பூவே வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பெரியம்மா வைக்கிறார், யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மாடிவீட்டுக் கோமதி:
சொல்லாமல் இருப்பேனா தம்பி. "நீ வைக்கச் சொல்லிடுவ, அதோட ரோட்டுல நடந்து போறது யாரு?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நேராகச் சொல்பவன்:
மன்னிக்கவும் சகோதரி. விஷயம் தெரியாமல் அவசரப்பட்டுவிட்டேன்.

இரவுப்பணி:
அக்கா, வயசானவர்கள் தோல் மெல்லிசு, உலர்ந்தும் இருக்கும், நேரே அடிக்காதீர்கள். துணியில் அடித்து, ஸ்பிரிட் போகும் வரை கால் மணி நேரம் கொடியில் போட்டுவிட்டு அப்புறம் கொடுங்கள். அப்போது முதலில் வரும் நெடியும் அவருக்குத் தெரியாது. ஆஸ்துமா இல்லையே?

தோவாளைக்காரன்:
அம்மா எந்த ஊர்?

மாடிவீட்டுக் கோமதி:
ஆஸ்துமா இல்லை. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஏன் அண்ணாச்சி?

தோவாளைக்காரன்:
சும்மாதான். முதலில் கொடுத்துப் பாருங்கள். ஜாஸ்மின், மல்லி எதுவும் சொல்லாமல் கொடுங்கள்.

மாடிவீட்டுக் கோமதி:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன், பையனுக்குப் பரீட்சை.

இரவுப்பணி சொன்ன மாதிரியே செய்தேன். அப்பாவின் பழைய வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருந்தது, அதில் இரண்டு முறை அடித்து மாடிக் கொடியில் கால் மணி நேரம் போட்டேன். அம்மா சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார், கை ஈரம். ஒன்றும் சொல்லாமல் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். முதலில் "என்னட்டி இது, துவைச்சதா?" என்றார். சோப்புதான் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கைக்குட்டையை மூக்கில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், பூக்கடையில் சரத்தைப் பிடிப்பார்களே, அப்படி. அப்புறம் "பிச்சில்லா இது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்குள்ளது இல்ல. ராத்திரி வச்சுப் படுத்து, காலைல எடுத்துப் போடுறப்போ இருக்குமே, அது."

அண்ணாச்சி, உங்களை நினைத்துக்கொண்டேன். அம்மா வீட்டுப் பின்பக்கம் பிச்சிக் கொடி இருந்ததாம், கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்த பிறகுதான் மல்லியாம், அப்பாவுக்கு இங்கே பிச்சி எங்கே கிடைக்கும் என்று தெரியாதாம். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இது புதுச் செய்தி. புளித்தண்ணீர் அடுப்பில் பாதி வற்றிவிட்டது.

தோவாளைக்காரன்:
அம்பாசமுத்திரம் என்றதுமே நினைத்தேன். அம்மாவுக்கு வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஷார்ஜா சம்பந்தி:
படித்துவிட்டு இரண்டு நிமிஷம் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். சரி, பெட்டியில் என்ன பெயர், அதைச் சொல்லுங்கள். என் அத்தைக்கும் ஒன்று வாங்க வேண்டும்.

மாடிவீட்டுக் கோமதி:
பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. பாட்டிலைப் பார்த்துச் சொல்லலாம் என்று என் மேஜையில் தேடினால் இல்லை. கைக்குட்டை அம்மா பீரோவில், ரவிக்கை அடுக்குக்கு நடுவில் இருக்கிறது. பாட்டிலைக் கேட்டால் "அது எதுக்கு உனக்கு, உனக்குத்தான் பூக்காரி வாராளே" என்கிறார்.